வேகமும் வேக்காடும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் ஐந்து பேருக்குச் சீன நூடுல்ஸ் செய்யப் போய், கடைசியில் நான் இறக்கி வைத்தது ஒரு கூட்டு. முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடமிளகாய் எல்லாவற்றையும் தீக்குச்சிக் கனத்துக்கு அரிந்து வைத்திருந்தேன். நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி, ஒட்டாமல் தாம்பாளத்தில் பரப்பியும் ஆயிற்று. இருப்புச்சட்டி புகையும்வரை பொறுத்திருந்து பூண்டைப் போட்டேன். சடசடவென்று அது பேசியது. அதன்பிறகுதான் புத்தி பிசகியது. எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்களே என்ற பதைப்பில், அரிந்த காய் அத்தனையையும் ஒரே மூச்சில் சட்டியில் கொட்டினேன். சத்தம் பட்டென்று அடங்கிவிட்டது. சட்டியின் அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டது. காய் அந்தத் தண்ணீரிலேயே வெந்தது. அதன் தலையில் நூடுல்ஸும் சோயா சாஸும் விழுந்தபோது எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பில் குழைந்து கிடந்தது. பிள்ளைகள் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். என் மனைவி மட்டும், கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டிருக்கலாம் என்றாள்.

இந்தத் தவற்றை 1792-லேயே ஒருவர் கண்டித்து எழுதி வைத்திருக்கிறார். யுவான் மெய் என்ற கவிஞர். சிங் பேரரசில் மாவட்ட அதிகாரியாக இருந்து, முப்பதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே பதவியை உதறி, நான்ஜிங் நகரில் ஒரு தோட்டத்தைத் தனதாக்கிக்கொண்டு, மிச்ச வாழ்நாளைக் கவிதையிலும் சாப்பாட்டிலும் கழித்த பாக்கியவான். அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே அவர் வெளியிட்ட சமையல் நூலில் தீ இரண்டு வகைப்படுகிறது. ஒன்று படைவீரனின் தீ, மற்றது படித்தவனின் தீ. நெடுநேரம் கொதித்து இறங்க வேண்டியவற்றுக்குப் படித்தவனின் தீ போதும்; சட்டியில் பிரட்டி எடுப்பவற்றுக்குப் படைவீரனின் தீதான் வேண்டும், அது தளர்ந்தால் பண்டமும் தளர்ந்துவிடும் என்கிறார். கூடவே அளவும் சொல்கிறார்: இப்படிப் பிரட்டும்போது இறைச்சி அரை ஜின்னைத் தாண்டக் கூடாது, கோழியோ மீனோ ஆறு லியாங்கைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் முறையே சுமார் 300 கிராமும் 225 கிராமும். மிகுந்தால் நெருப்பு உள்ளே இறங்காது. நான் கொட்டியது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

ஆனால் யுவான் மெய் சட்டியைத் தொட்டவர் அல்லர். அவருக்கு வாங் சியாவ்யூ என்றொரு சமையற்காரர் இருந்தார். அவர் இறந்தபின் யுவான் மெய் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தனியே எழுதினார். ஒவ்வொரு வேளை சாப்பிடும்போதும் அவருக்காக அழுவதாக அதில் குறிப்பிடுகிறார். அடுப்படியில் நின்ற ஒருவருக்கு வரலாறு எழுதும் வழக்கம் எந்த நாட்டிலும் அதிகம் இருந்ததில்லை. ஆகவே அந்தக் கண்ணீரை நான் நம்புகிறேன். அரை ஜின் கணக்கும் அந்தக் கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அன்றிரவு பாத்திரம் விளக்கும்போது இன்னொன்றும் தோன்றியது. நான் செய்ய நினைத்த காரியத்துக்குத் தமிழில் பொருத்தமான வினைச்சொல் இல்லை. வதக்குவது என்கிறோம், வதக்கினால் வதங்க வேண்டும், அதாவது வாட வேண்டும், கத்திரிக்காய்க்கு அதுவே அழகு. வறுப்பது என்றால் ஈரம் போக வேண்டும். பொரிப்பது என்றால் எண்ணெயில் மிதக்க வேண்டும். பிரட்டல் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது, ஆனால் நம் பிரட்டலில் மசாலா ஒட்டுவதுதான் முக்கியம், நெருப்பு அல்ல. சீனர்களின் ‘சாவ்’ கேட்பதோ வேறொன்று: சூடு ஏற வேண்டும், வாடவும் கூடாது. ஆங்கிலத்துக்கும் இந்தத் தட்டுப்பாடு இருந்தது. அங்கே ‘ஸ்டிர் ஃப்ரை’ என்ற சொல்லை உண்டாக்கியது 1945-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சமையல் நூல். எழுதியவர் புவெய் யாங் சாவ், தொழிலால் மருத்துவர். தோக்கியோவில் மருத்துவம் படிக்கப் போன இடத்தில், அங்கத்திய சாப்பாடு இறங்காமல், வேறு வழியின்றிக் கரண்டியைப் பிடித்தவர். அவர் சொன்னதை மகள் ஆங்கிலமாக்க, மொழியியல் அறிஞரான கணவர் நடுவில் புகுந்து திருத்த, அந்தக் குடும்பச் சச்சரவிலிருந்து பிறந்த சொல் அது. இன்று உலகமெங்கும் உணவுக்கடைப் பலகைகளில் இருக்கும் அந்தச் சொல், நம்மில் சிலருடைய பெற்றோரைவிட வயதில் இளையது. அந்தச் சட்டியில் விழும் நூடுல்ஸ் அப்படி அல்ல.

மஞ்சள் நதியின் மேல்படுகையில், சிங்ஹாய் மாநிலத்தில், லாஜியா என்றொரு தொல்லூர் இருக்கிறது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கமும் பெருவெள்ளமும் சேர்ந்து அதை மூடின. அகழ்ந்தவர்கள், குழந்தையை மார்போடு அணைத்தபடி மண்டியிட்டுக் கிடந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். மூன்று மீட்டர் வண்டலுக்கு அடியில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கிண்ணத்தையும் கண்டார்கள். அதைத் தூக்கியபோது உள்ளே மெல்லிய மஞ்சள் இழைகள் இருந்தன, சில 50 செ.மீ. நீளம்கூட. 2005-ல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. கோதுமை அல்ல, தினையும் பனிவரகும் என்றார்கள். நம் குறிஞ்சி நிலத்துப் புனத்தில் கிளி ஓட்டிக் காத்த அதே தினை. தினைமாவில் இழுவை கிடையாதே, அதை இவ்வளவு நீளத்துக்கு எப்படி இழுத்தார்கள் என்ற வாதம் பிறகு எழுந்தது. இடியப்ப உழக்கைப் பிழிந்து வளர்ந்த நமக்கு, மாவை இழுக்கத்தான் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். எப்படியானாலும், அந்தக் கிண்ணத்துக்கு உரியவர் சாப்பிட உட்காரவில்லை, அல்லது உட்கார்ந்து முடிக்கவில்லை. உலகின் மிகப் பழைய நூடுல்ஸ் நமக்குக் கிடைத்ததே அதை ஒருவர் உண்ண முடியாமல் போனதால்தான்.

கோதுமை அந்த மண்ணுக்கு மேற்கு ஆசியாவிலிருந்து வந்த விருந்தாளி. வெகுகாலம் அதை அரிசிபோல முழுசாகவே வேகவைத்தார்கள். ஹான் அரசர் காலத்தில் திரிகை பரவிய பிறகுதான் மாவு பெருகியது. கி.பி. 300 வாக்கில் ஷூ சி என்ற புலவர் மாவுப் பண்டங்களைப் புகழ்ந்தே ஒரு செய்யுள் இயற்றினார். அதில் உண்பவர்கள் என் நினைவில் நிற்கவில்லை. ஆவி பறக்கும் தட்டை ஏந்திவரும் ஆள் உதட்டை நக்கிக்கொள்வதையும், அருகே கைகட்டி நிற்பவர்கள் வெறும் தொண்டையை விழுங்குவதையும் அவர் பார்த்திருக்கிறார், அதுதான் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 6ஆம் நூற்றாண்டில், ஜியா சிசியே எழுதிய வேளாண் நூல் செய்முறையையே சொல்கிறது: மாவைக் குச்சித் தடிமனுக்கு உருட்டு, ஓரடி நீளத்துக்கு வெட்டு, தட்டில் தண்ணீர் விட்டு ஊறப்போடு, பிறகு கொதிக்கும் பானைக்கு மேலேயே கையை வைத்து, ஒரு கீரை இலையின் மெல்லிசுக்கு அழுத்தி உள்ளே விடு. ஆவியில் விரல் சுட்டிருக்கும். நூல் அதைச் சொல்லவில்லை.

இவையெல்லாம் நிதானத்தின் கதைகள். அவசரம் எங்கே வந்து சேர்ந்தது? பெருநகரத்தில்தான். 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் சோங் பேரரசின் தலைநகரான கைஃபெங், உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. அங்கே இரவுக் கடைகள் மூன்றாம் சாமம் முடிய நடந்தன. ஐந்தாம் சாமத்தில் மறுபடி திறந்தன. தெருவணிகம் செய்யும் குடும்பங்கள் பெரும்பாலும் வேளைக்கு வேளை கடையிலேயே வாங்கி உண்டன, வீட்டில் காய்கறிகூட வாங்கி வைப்பதில்லை என்று அந்த நகரில் வாழ்ந்த மெங் யுவான்லாவ் எழுதுகிறார். சமைக்க நேரமில்லை, சமைத்ததை வாங்கிக்கொள்கிறோம் என்று நம் அடுக்குமாடி வீடுகளில் இன்று கேட்கும் பேச்சை, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் தெருக்களிலும் கேட்டிருக்கலாம். ஆனால் மெங் யுவான்லாவ் இதை எழுதியபோது அந்த நகரம் அவருக்கு இல்லை. 1127-ல் வடக்கேயிருந்து வந்த ஜுர்ச்சென் படைகளிடம் கைஃபெங் விழுந்தது, அரசும் மக்களும் தெற்கே ஓடினார்கள், அவரும் ஓடினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1147-ல், அந்நிய ஊரில் உட்கார்ந்து, எந்தத் தெருவில் எந்தக் கடை, அதில் என்ன பண்டம் என்று ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்து அடுக்கினார். அரண்மனையைப் பற்றியும் எழுதினார்தான். இருந்தாலும் அந்த ஏட்டில் மனம் தங்குவது தின்பண்டக் கடைகளில். ஓடிவந்தவர்கள் ஹாங்சோவில் அதே வடநாட்டு மாவுப் பண்டங்களைத் தெற்கத்திச் சரக்கோடு மறுபடி செய்து விற்றார்கள். ருசி மாறித்தான் இருக்கும். அதைச் சொல்லி ஏங்கிய கிழவர்களும் இருந்திருப்பார்கள்.

பெருந்தீயில் சட்டென்று பிரட்டும் பழக்கம் ஊரெங்கும் ஓங்கியது அதற்கும் பிறகு, மிங் ஆட்சியின் பிற்பகுதியில் என்கிறார்கள். அதன் காரணம் எளியது: நகரங்கள் நெருங்கின, காடுகள் விலகின, விறகும் கரியும் விலை ஏறின. சட்டியைச் சில நிமிடம் கொதிப்பேற்றி, பொடிப்பொடியாக நறுக்கியதை அதில் புரட்டி எடுத்துவிட்டால் ஒரு கட்டு விறகு மூன்று நாள் வரும். நாம் நினைப்பதுபோல நேரத்தைக் காப்பாற்றப் பிறந்த முறை அல்ல அது, விறகைக் காப்பாற்றப் பிறந்தது. நெருப்பில் குறைத்த நிமிடங்கள் அரிவாள்மணைக்கும் வெட்டுப்பலகைக்கும் போய்ச் சேர்ந்தன. மூன்று நிமிடப் பிரட்டலுக்கு முப்பது நிமிட நறுக்கல். இந்த வேகத்தில் நேரம் எங்கும் மிச்சமாகவில்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். யுவான் மெய்யின் தோட்டத்து விருந்தாளிகளுக்கு உணவு சட்டென்று வந்தது. வாங் சியாவ்யூவுக்கு வரவில்லை.

இந்தப் பிரட்டல் பிறகு கடலும் தாண்டியது. தென்சீனத்தில், குவாங்டோங் மாநிலத்துத் தைஷான் வட்டாரம், மண் மெலிந்த ஊர். 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் அங்கிருந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். தங்கம் கிடைத்தவர்கள் கொஞ்சம். இருப்புப்பாதை போட்டவர்கள், துணி வெளுத்தவர்கள், கரண்டி பிடித்தவர்கள் அதிகம். 1882-ல் அமெரிக்கா சீனத் தொழிலாளருக்குக் கதவைச் சாத்தியது. 1943 வரை திறக்கவில்லை. வணிகர் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் ஒரு சந்து விடப்பட்டிருந்தது. 1915-ல் நீதிமன்றத் தீர்ப்பொன்று உணவகம் நடத்துபவரும் வணிகரே என்று ஏற்றுக்கொண்டதும், சீன உணவகங்கள் மழைக்காளான்போல முளைத்தன. ஊரில் அடுப்பங்கரைப் பக்கமே போயிராத ஆண்கள், மனைவியையும் தாயையும் கடலுக்கு அப்பால் விட்டுவந்தவர்கள், நாக்கின் நினைவை வைத்துச் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள். ‘சாவ் மியன்’, அதாவது பிரட்டிய மாவிழை, அவர்கள் ஊர்ப் பேச்சில் ‘சௌமீன்’ ஆகி உலகத்துக்கு வந்தது. மெங் யுவான்லாவ் ஏட்டில் செய்ததை இவர்கள் சட்டியில் செய்தார்கள். நாம் ‘வீட்டுச் சமையல்’ என்று கொண்டாடும் பல பண்டங்கள் வீட்டை இழந்தவர்கள் கையால் உருப்பெற்றவை.

நம் பக்கம் சீனர்களின் கப்பல்கள் அதற்கும் முன்பே வந்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளி கரையில், சர்க்கரை ஆலை வைக்க வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்ற சீனர் ஒருவர் தம் பெயரை அந்த ஊருக்கே விட்டுப்போனார்: அச்சிப்பூர். பின்னால் வந்த ஹக்கா சீனர்கள் கல்கத்தாவின் டாங்ராவில் தோல் பதனிட்டார்கள். 1962 எல்லைப் போரின்போது, தலைமுறைகளாக இங்கேயே இருந்த சீனக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 3000 பேர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். தோல் கூடங்களும் பிறகு நகருக்கு வெளியே மாற்றப்பட்டன. டாங்ராவில் மிஞ்சிய அடையாளம் உணவகங்கள். அங்குள்ள ஒரு காளி கோயிலில் இன்றும் நூடுல்ஸ் படைக்கப்படுகிறது. அவளுக்கு அது அந்நியமாகப் பட்டதாகத் தெரியவில்லை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்களே சட்டியைப் பிடித்தார்கள். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், ஹொக்கியன் சீனரின் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, உருளைக்கிழங்கும் சோயாக் கட்டியும் தக்காளியும் மிளகாய் விழுதும் சேர்த்து, ‘மீ கோரேங்’ ஆக்கினார்கள். ‘மீ’ ஹொக்கியன் சொல், ‘கோரேங்’ மலாய்ச் சொல். கடைக்காரரை அழைக்கும் ‘மாமாக்’ நம் மாமாதான். கடையநல்லூரில் போய்க் கேட்டால் இதைப் பாட்டி சமையல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பினாங்கில் நான்கு தலைமுறைக்கு அது பாட்டி சமையல்தான்.

இந்த வரிசையில் கடைசியாக வந்தவர் மொமொஃபுகு ஆண்டோ. ஜப்பானிய ஆட்சியிலிருந்த தைவானில் பிறந்தவர். போருக்குப் பிந்தைய ஒசாகாவில், குளிரில், ஒரு கிண்ணம் சூப் நூடுல்ஸுக்காக நீண்டு நின்ற வரிசையைப் பார்த்தவர். வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் வழி கண்டு, 1958-ல் பொட்டலம் கட்டி விற்றார். விலை 35 யென். புதிதாகச் செய்த நூடுல்ஸ் அப்போது அதில் ஆறில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. வேகம் முதலில் பணக்காரப் பண்டமாகத்தான் கடைக்கு வந்தது. ஆலை பெருத்து, உருளைகளில் மாவு ஓடத் தொடங்கிய பிறகு ஏழைப் பண்டமாயிற்று. நமக்கு அது 1980-களில் இரண்டு நிமிடக் கணக்கோடு அறிமுகமாகி, ஒரு தலைமுறையின் மாலைப் பசியையே எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு நிமிடத்தைக் குறைசொல்லும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. நானும் சேர்வதாக இல்லை. கைஃபெங்கின் ஐந்தாம் சாமத்துக் கடையிலும் இதே பசிதான் நின்றது.

இன்று அரிந்த முட்டைக்கோஸே பொட்டலத்தில் கிடைக்கிறது. யாரோ, எங்கோ, விடியுமுன் ஒரு கூடத்தில் உட்கார்ந்து அரிந்தது. அதை நான் வாங்குவதுண்டு. வாங்கும்போதெல்லாம் ஷூ சியின் செய்யுளில் கைகட்டி நின்றவர்களின் உலர்ந்த தொண்டை நினைவுக்கு வருகிறது என்று சொன்னால் அது மிகை, எப்போதாவது வருகிறது.

அடுத்த ஞாயிறு யுவான் மெய் சொன்னபடி கேட்பது என்று முடிவு செய்தேன். நம் வீட்டு அடுப்பின் தீ, உணவகத்துத் தீயில் ஒரு சிறு பங்குகூட இராது; கான்டன்காரர்கள் ‘சட்டியின் மூச்சு’ என்று சொல்லும் அந்தப் புகைமணம் அதில் முழுசாக வராது. அதற்காகவே அளவை இன்னும் குறைத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு கை காய், ஒரு பிடி நூடுல்ஸ். எண்ணெய் புகைந்து நீல நிறம் தட்டியதும் பூண்டு. அது நிறம் மாறுமுன் கேரட்டும் பீன்ஸும். பத்து எண்ணியதும் முட்டைக்கோஸ். சத்தம் அடங்கவே இல்லை. காயை ஓரத்தில் ஒதுக்கி, நடுவில் நூடுல்ஸைப் போட்டு, கிளறாமல் அரை நிமிடம் அப்படியே விட்டேன். அடிப்பக்கம் அங்கங்கே பொன்னிறமாகப் பிடித்தது. சோயா சாஸை நூடுல்ஸின் மேல் விடாமல் சட்டியின் விளிம்பில் ஓடவிட்டதும் அது சுர்ரென்று கருகி மணத்தது. இரண்டு புரட்டு, வெங்காயத்தாள், வெள்ளைமிளகு, இறக்கு. முட்டைக்கோஸ் வெந்துமிருந்தது, கடித்தால் நறுக்கென்றும் இருந்தது. மகள் தட்டை வாங்கிக்கொண்டு போய் உள்ளேயிருந்து ஒன்றும் சொல்லவில்லை, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்து பேருக்கு ஐந்து தடவை. இரண்டாம் தட்டு பையனுக்கு, மூன்றாவது என் அம்மாவுக்கு. அம்மா தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்று சாப்பிட்டாள். அவள் நாற்பது வருஷம் இதே இடத்தில் எங்களுக்குத் தோசை வார்த்தவள். சுடச்சுட ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், மாவு முடிகிற நேரத்துக்குத்தான் அவளுக்குப் பசி எடுக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நான்காவது தட்டு என் மனைவிக்கு. ஐந்தாவதுக்கு வந்தபோது வெங்காயத்தாள் தீர்ந்திருந்தது, நூடுல்ஸும் ஒரு பிடிக்குக் குறைவாகவே இருந்தது. “உனக்கு எடுத்து வைக்கலையா?” என்று அம்மா கேட்டாள். சட்டியை வழித்துப் போட்டுக்கொண்டேன்.